மாமனார் ஏறிய பெட்டி

சோம் என்ற பாலைவன ரயிலடி ஊரில் சுவேலிமைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். மருமகன் என்றால் சுவேலிம் மாதிரி இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்ல உட்காருகிற பெரிசுகள் அவன் பெயரை எடுக்காமல் எழுந்ததில்லை. அந்தப் புகழைக் கேட்கும்போதெல்லாம் சுவேலிம் தலைத்துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வான். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமாவது மண்ணாவது. 'நீ செய்தது தப்பு' என்று யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், சொல்லமாட்டார்களா என்று அவன் காத்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை.

அவன் பிறந்தது அத்ரார் மலைகளுக்குத் தெற்கே, ஒட்டகம் மேய்க்கிற கூட்டத்தில். மேகம் எந்தப் பக்கம் கறுக்கிறதோ அந்தப் பக்கம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பிழைப்பு. எழுபதுகளின் ஆரம்பத்தில் எந்தப் பக்கமும் கறுக்கவில்லை. முதலில் மாடுகள் போயின, பிறகு ஆடுகள், கடைசியில் ஒட்டகமே படுத்தது. அவனுடைய அப்பா மிஞ்சிய ஒற்றை ஒட்டகத்தை அறுத்து, இறைச்சியைக் காயவைத்து, பாதியைத் தின்னக் கொடுத்து மீதியை விற்றார். நாட்டில் பாதிப் பேர் தலைநகரத்துக்கு நடந்து போய் மணலில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். சுவேலிம் வடக்கே இரும்பு ரயிலில் வேலை தேடிப் போனான்.

ஸுவெராத் இரும்புத்தாது மலையை வெடிவைத்துப் பெயர்த்து, சோம் வழியாக நுவாதிபு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலில் கொட்டுகிற ரயில் அது. தலைப்பெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் வால் வந்துகொண்டே இருக்கும். நாட்டுக்குச் சோறு போடுவது அந்த ரயிலும் நுவாதிபு கடலும்தான், மற்றதெல்லாம் மணல். மலையை வாங்க உலகமெல்லாம் ஆள் இருக்கிறது. மணலை வாங்க நாதியில்லை, அது நமக்கே நமக்கு.

அந்த மணலைத் தண்டவாளத்திலிருந்து அள்ளிப் போடுகிற கேங்கில்தான் சுவேலிமுக்கு வேலை கிடைத்தது. பாதி வழியில் ஒரு முகாம், நாலைந்து அறை, ரயில் கொண்டுவந்து ஊற்றுகிற தண்ணீர். காற்றடித்தால் பிறை மாதிரி வளைந்த குன்றுகள் நகர்ந்து வந்து பாதையில் ஏறும். கேங்கு ஆட்கள் அதற்கு விருந்தாளி என்று பேர் வைத்திருந்தார்கள். சாப்பாடு கேட்காத, ஆனால் கிளம்பவும் கிளம்பாத விருந்தாளி. காலையில் அள்ளிய இடத்தைச் சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் அள்ளியதற்கு அடையாளமே இருக்காது.

அவன் சேர்ந்தபோது மேஸ்திரி பிரெஞ்சுக்காரன். உகியா என்று நம்முடைய சொந்த நோட்டு அப்போதுதான் வந்திருந்தது. கொஞ்ச நாளில் ரயிலை ஓட்டிய கம்பெனியும் நம்முடையது என்று அறிவித்தார்கள், கொடி ஏற்றினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். மண்வெட்டி மட்டும் பழைய மண்வெட்டிதான். அப்புறம் சண்டை வந்தது. ஸ்பெயின்காரன் விட்டுப்போன பாலைவனத்தில் நம் அரசாங்கம் பங்கு கேட்கப் போனதற்கு, அங்கிருந்தவர்கள் வந்து ரயிலைச் சுட்டார்கள். சத்தம் கேட்டால் கேங்கு ஆட்கள் பாதையின் சரிவில் குப்புறப் படுப்பார்கள். ஓய்ந்ததும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து அள்ளுவார்கள். ராணுவம் நாற்காலியைப் பிடித்தது, சண்டை நின்றது, மணல் நிற்கவில்லை.

சண்டை முடிந்து சில வருஷங்களில் சுவேலிம் சோம் ஊரில் பெண் எடுத்தான். பெண் பெயர் தெக்பெர். வாய்த்துடுக்கானவள், நன்றாகச் சிரிப்பாள். அவளுடைய அப்பா ஸிதாத்தி, அத்தார் ஊர்த் தோப்புகளிலிருந்து பேரீச்சை வாங்கிவந்து ரயிலடியில் விற்கிறவர்.

கல்யாண நாளிலிருந்து சுவேலிம் மாமனாரை நேருக்கு நேர் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது. அவர் வருகிற தெருவில் மருமகன் நடக்க மாட்டான், அவர் இருக்கிற கூடாரத்தில் தலை காட்ட மாட்டான், அவர் எதிரில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். தற்செயலாக எதிர்ப்பட்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகிவிட வேண்டும். வெட்கம் என்பார்கள், மரியாதை என்பார்கள், நம்மிடம் இரண்டும் ஒன்றுதான். மாமனாரும் கண்ணைத் திருப்பிக்கொள்வார். அதற்காகப் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. ஸிதாத்தி நல்ல பழமாகப் பொறுக்கி மகள் கையில் கொடுப்பார். யார் கொடுத்தது என்று சொல்லாமல் அவள் தட்டில் வைப்பாள். யார் கொடுத்தது என்று கேட்காமல் அவன் தின்பான்.

அது நடந்தது ஒரு ஜனவரியில். லீவு முடிந்து சுவேலிம் முகாமுக்குத் திரும்புகிறான். எப்போதாவது ரயிலின் கடைசியில் மாட்டுகிற பயணிகள் பெட்டியை அன்று மாட்டவில்லை. எல்லாரையும் போல இரும்புத்தாது ஏற்றிய திறந்த பெட்டி ஒன்றில் ஏறி, தாதுப்பொடியில் குழி பறித்து, தெக்பெர் கொடுத்தனுப்பிய இரண்டு கம்பளிப் போர்வைகளை விரித்து, கரி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. கீழே நின்றவர்கள் பின்னாலிருந்து தள்ளிவிட, ஒரு கிழவர் புரண்டு உள்ளே விழுந்தார். எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டு திரும்பினார். ஸிதாத்தி. நுவாதிபுவில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்.

இருவர் கண்ணும் ஒரு நொடி பட்டுவிட்டது. கிழவர் உடனே மேற்கே பார்த்துக்கொண்டார். சுவேலிம் முகத்தை மூடினான். யோசிக்க ஒன்றுமில்லை, உடம்புக்கே தெரிந்த காரியம். அடுப்பை, கெட்டிலை, இரண்டு போர்வைகளையும் வாரி எடுத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கினான். எதையாவது விட்டுப்போனால், உன்னால்தான் உன் மருமகன் எழுந்து ஓடினான் என்று அவர் முகத்துக்கு எதிரே சொன்ன மாதிரி ஆகும். அதனால் ஒரு கரண்டியைக்கூட விடவில்லை. எத்தனையோ பெட்டி தள்ளிப் போய் ஏறிக்கொண்டான். வண்டி நகர்ந்தது.

கிழவர் இருந்த பெட்டியில் வேறு யாரும் ஏறவில்லை.

நடு வழியில் முகாமில் வண்டி நின்றபோது அவன் இறங்கி நடந்தான். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். காற்று எலும்பைப் பிடித்தது. ஏணியில் ஒரு காலை வைத்தான். எட்டிப் பார்த்தால் மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டும். காலை எடுத்துவிட்டான். அவர் தூங்குவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறைக்குப் போய், இரண்டு போர்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தான்.

மறுநாள் தண்ணீர் வண்டியோடு சேதி வந்தது. நுவாதிபுவில் தாதுவைக் கொட்டுவதற்கு முன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவரைக் கண்டிருக்கிறார்கள். விறைத்துப் போயிருந்தார். மெல்லிய அங்கி ஒன்றுதான் மேலே இருந்தது.

சுவேலிம் துக்கத்துக்குப் போனான். அடிப்பார்கள், காறித் துப்புவார்கள், இல்லை முகத்தையாவது திருப்பிக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் போனான். நடந்ததை அவனே சொன்னான், எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தெக்பெரின் தாய்மாமன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"சாகப்போற நேரத்துல மருமகன் மூஞ்சில முழிக்கிற அவமானம் அவருக்கு வரல. பையன் அந்த மட்டும் காப்பாத்திட்டான். இப்படி ஒரு புள்ள யாருக்குக் கெடைக்கும்?"

அன்று அவனுக்கு உடம்பில் ஏதோ அணைந்தது. அழுகை வரவில்லை. தெக்பெர் மட்டுமாவது கத்துவாள் என்று பார்த்தான். எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவள். அவள் நாள் முழுதும் துக்கத்துக்கு வந்தவர்களைக் கவனித்துவிட்டு, அவன் கிளம்புகிறபோது வாசலில் வந்து சொன்னாள்: "எங்கப்பா மானத்தோட போனாரு. அது உங்களாலதான்." சொல்லிவிட்டுப் போர்வைகளை மடித்து அவன் கையில் வைத்தாள். அவளுக்கு ஊன்றிக்கொள்ள இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். 'இல்லை, நான்தான் கொன்றேன்' என்று சொல்லி அதையும் அவன் எப்படிப் பிடுங்குவான்? வாங்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தான்.

அதற்கப்புறம் சுவேலிம் மணல் அள்ளினான். சொல்ல வேறொன்றும் இல்லை. உண்டான், தூங்கினான், வெள்ளிக்கிழமை தொழுதான். சல்கா என்று ஒரு மகள் பிறந்தாள், சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்து சந்தோஷப்பட்டான். தேநீரில் சர்க்கரை போட்டிருக்கிறதா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. கேங்கில் அவனோடு சம்பா என்று ஒருவன் இருந்தான், தெற்கே ஆற்றோரத்துக்காரன், கிண்டல் பிடித்தவன். அவன் ஒரு நாள் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு கேட்டான்:

"ஏண்டா, போர்வை ரெண்டு இருந்துச்சுல்ல?"

இருந்தது என்றான் சுவேலிம். சம்பா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேஸ்திரி கூப்பிட்டார், போய்விட்டான். இன்னொரு நாள் சொல்வான் என்று சுவேலிம் காத்திருந்தான். எண்பத்தொன்பதில் ஆற்றோரத்து ஆட்களையெல்லாம் நீங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று பிடித்து அக்கரைக்குத் தள்ளியபோது, சம்பாவையும் வேலைத்தலத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுடைய மண்வெட்டி சுவரில் சாய்ந்தபடி இருந்தது. பிறகு வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். சுவேலிமுக்கு அதற்கும் அழுகை வரவில்லை. அதைப் பற்றிப் பேசக்கூட யாருக்கும் தைரியம் இல்லை, அவனுக்கும் இல்லை.

இனி சுவேலிமை அவர் என்றுதான் சொல்ல வேண்டும், தாடி நரைத்துவிட்டது. கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு கண்ணில் மேகம் போல ஏதோ படர்ந்திருந்தது. சல்காவை நுவாதிபுவில் யர்பா என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கிற படகில் போகிறவன். நம்மில் எவனும் வாயில் வைக்காத அந்தப் பிராணியை ஜப்பான்காரன் காசு கொடுத்து வாங்குகிறான், பையன் அதில் பிழைக்கிறான். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் புத்தி சொன்ன பெரிசுகள் வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தார்கள். இந்த முறை கதாநாயகனே மாமனார் என்பதால் இன்னும் கொஞ்சம் விரிவாகவே சொன்னார்களாம். சுவேலிம் அடுத்த கூடாரத்தில் இருந்தார். யர்பா முறைப்படி அவர் கண்ணில் படவே இல்லை. நல்ல பையன் என்றார்கள்.

சல்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்ததும் தெக்பெர் முன்னாலேயே போய்விட்டாள். சுவேலிம் பேரனைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினார். அதுவும் ஜனவரி. பயணிகள் பெட்டி வழக்கம்போல ரிப்பேர். தாதுப் பெட்டியில் ஏறித் தலைத்துணியைக் கண் மட்டும் தெரிகிறபடி சுற்றிக்கொண்டார். அந்த ரயிலில் எல்லாரும் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பொடி மூச்சை அடைத்துவிடும். கீழே யாரோ ஒருவன் அத்தாரில் இருக்கும் தன் அம்மாவுக்கு மருந்து கொடுக்கச் சொல்லி இன்னொருவனிடம் கத்திக்கொண்டிருந்தான். குரல் பழகிய குரல். அடுத்த கூடாரத்திலிருந்தும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்ட குரல். யர்பா. அம்மாவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறான்.

அவன் ஏறியது இவருடைய பெட்டியில்தான்.

பையன் அடையாளம் கண்டால் இறங்கி ஓடிவிடுவான், ஓடத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் இவர் பெயரைச் சொல்லி. அவர் துணியை இன்னும் கீழே இழுத்து, கூனிக் குறுகி, யாரோ ஒரு கிழவனாக உட்கார்ந்தார். யர்பா ஒரு காலை உள்ளே போட்டவன் விளிம்பிலேயே நின்றான். அவருடைய கைகளைப் பார்த்தான், சல்கா தைத்துக் கொடுத்த மூட்டையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் மற்ற காலையும் உள்ளே போட்டான்.

"எடம் இருக்கா பெரியவரே?"

சுவேலிம் தொண்டையை மாற்றிக்கொண்டு, "இருக்கு தம்பி, உக்காரு" என்றார்.

யர்பா தன் தடித்த போர்வையை எடுத்து உதறி, அவர் மேல் பாதி, தன் மேல் பாதி போட்டான். முதுகால் காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுப்பு பற்றவைத்துத் தேநீர் போட்டான். முறைப்படி மூன்று தடவை ஊற்றி மூன்று தடவையும் அவரிடமே நீட்டினான். நீ குடி என்றார் அவர். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டான். ரொட்டி தந்தான், தான் தொடவில்லை. விடிகிற வரை ஒரு வாய் தண்ணீர்கூட அவன் குடிக்கவில்லை. சுவேலிமுக்குப் புரிந்தது. பையனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறான். தெரிந்ததால்தான் பட்டினி கிடக்கிறான்.

காலையில் கடல் காற்று வந்தது, பனி மூட்டத்தில் உப்பு வாடை. இன்னும் கொஞ்சத்தில் ஊர். யர்பா அவர் பக்கம் பார்க்காமல் ரயிலின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"எங்க மாமனாரு சோம் ஊருதான். மணல் அள்ளுற கேங்குல இருந்தவரு. நீங்க பாத்திருப்பீங்க."

"பாத்திருப்பேன். மணல் அள்ளுறவன் எல்லாம் ஒரே மூஞ்சிதான்."

"எங்க கல்யாணத்துல அவரப் பத்தி ஒரு கத சொன்னாங்க." யர்பா தலைத்துணியை இறுக்கிக்கொண்டான். "அவரோட மாமனாரு, போர்வை, எல்லாம். ஊரே ஆகா ஓகோன்னுச்சு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல."

சுவேலிம் அவன் பக்கம் திரும்பினார். "ஏன்?"

"போர்வையையாச்சும் போட்டுட்டுப் போயிருக்கலாம். அது தப்பு பெரியவரே. மரியாதைன்னு என்ன பேரு வெச்சாலும் தப்புதான்."

வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலை நீட்டினால் முதலில் சுகமாக இருக்காது, ஊசி ஊசியாகக் குத்தும். சுவேலிமுக்கு நெஞ்சு முழுக்க அப்படிக் குத்தியது. வலித்தது. வலிக்கிறது என்பது அவருக்கு நம்பமுடியாமல் இருந்தது. அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டால் தான் யார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். போர்வையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா, தப்புதான்" என்றார். "அந்தாளுக்கும் அது தெரியும்னு நெனைக்கிறேன்."

"தெரிஞ்சா சரி." யர்பா மூக்கை உறிஞ்சினான். "நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. மாமனார் முன்னாடி வாயத் தொறந்தவன்னு என் பேரு நாறிடும்."

சுவேலிம் சிரித்தார். துணிக்குள் சிரித்ததால் வெளியே தெரியவில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே யர்பா குதித்து, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் கலந்துவிட்டான். போர்வையை அவர் மேலேயே விட்டிருந்தான்.

அவர் விசாரித்து வீடு போய்ச் சேர்ந்தபோது மருமகன் வீட்டில் இல்லை, இருக்கவும் கூடாது. சல்கா பிள்ளையை மடியில் கொடுத்தாள். தெக்பெர் சர்க்கரை கலந்த மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகமெல்லாம் அப்பியிருந்த கறுப்புப் பொடியைத் துடைக்க ஈரத்துணி எடுத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் குளிருல தனியாவா வந்தீங்க?"

"இல்ல. பக்கத்துல ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. போர்வை குடுத்தாரு."

தெக்பெரின் கை அவர் கன்னத்தில் நின்றது. வாயாடி தெக்பெர் அப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா பக்கத்துல யாருமே இல்ல" என்றாள்.

சுவேலிம், "நான் இருந்திருக்கணும்" என்றார்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. துணியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மிச்ச முகத்தையும் துடைத்தாள்.